பூனையின் உகிரும் ஒரு சிற்றுறையின் வரலாறும்



வரலாறு என்று சொன்னவுடன் மாணவர்களின் மனக்கண்ணில் அரசர்களும் போர்க்களங்களும் கோட்டைகளுமே தோன்றுகின்றன. ஆயினும், வீட்டு மூலையில் கிடக்கும் ஒரு சிறு பொருளும் தனக்கென ஒரு வரலாற்றைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றது. அப்பொருளைக் கூர்ந்து நோக்கினால், அதைப் படைத்த மனிதனின் தேவையும் ஆசையும், சில வேளைகளில் அவனுடைய குற்றமும்கூடத் தெரியவரும். அவ்வகையில், பூனையின் நகத்தின்மேல் மாட்டப்படும் மென்மையான உறையின் வரலாற்றை இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன்.

செல்லப்பிராணிக் கடைகளில் சிறு பொட்டலங்களாக விற்கப்படும் இவ்வுறை, நெல்மணியைவிடச் சற்றே பெரியதாக இருக்கும். சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு எனப் பல வண்ணங்களில் வருவதால், இதனைப் பூனைக்குச் செய்யும் ஒப்பனை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், மனிதன் தன் மெத்தை நாற்காலியைக் காப்பாற்றுவதற்காகப் பூனைக்கு இழைத்த ஒரு பெருந்தீங்குக்கு மாற்றாகவே இச்சிற்றுறை பிறந்தது.

நகம் எதற்காக?

நகத்தைக் குறிக்கத் தமிழில் உகிர் என்னும் அழகிய பழஞ்சொல் உண்டு. சங்கப் புலவர்கள் காட்டுப் பூனையை வெருகு என்றனர். உகிரும் வெருகும் இன்று பேச்சு வழக்கில் அருகிவிட்டன. எனினும், பூனையின் உடலமைப்பில் உகிருக்கு உள்ள இடம் சிறிதும் குறையவில்லை.

பூனையின் முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகங்கள், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு நகங்கள் என மொத்தம் பதினெட்டு நகங்கள் உள்ளன. மனிதனின் நகம் விரலின் தோலை ஒட்டி வளர்வது. பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்பிலிருந்தே வளர்வது. பூனை இளைப்பாறும்போது, மீள்தன்மையுடைய தசைநார்கள் அந்நகத்தை உள்ளிழுத்து வைத்திருக்கின்றன. வேண்டும்போது தசையை இறுக்கி நகத்தை வெளியே நீட்டிக்கொள்கின்றது. நடக்கையில் ஓசை எழாமைக்கும், நகத்தின் கூர்மை மழுங்காமைக்கும் இவ்வமைப்பே காரணமாகும்.

பூனை எதையேனும் கீறுவது குறும்புத்தனத்தால் அன்று. கீறும்போது நகத்தின் பழைய மேலோடு கழன்று விழுந்து, அடியிலிருக்கும் புதிய கூர்நகம் வெளிப்படுகின்றது. முதுகும் தோளும் நன்கு நீண்டு சோம்பல் முறிகின்றது. அதற்கும் மேலாக, கால்விரல்களுக்கிடையே உள்ள சுரப்பிகள் கீறிய இடத்தில் மணத்தைப் பதிக்கின்றன. இது என் இடம் என்று பூனை எழுதி வைக்கும் கையெழுத்து அது எனலாம். எழுதுகோலைப் பிடுங்கிவிட்டால் எழுதும் ஆசை போய்விடுமா?

நகத்திற்காகவே பெற்ற நட்பு

மனிதனும் பூனையும் ஒன்றி வாழ்ந்தமைக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று சைப்பிரஸ் தீவில் உள்ளது. ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் அங்கு அடக்கம் செய்யப்பட்ட ஒரு மனிதனின் அருகில் ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை, 2004ஆம் ஆண்டில் தொல்லியலாளர்கள் உலகுக்கு அறிவித்தனர். அத்தீவில் பூனை இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஆகவே, அன்றைய மக்கள் அதனைப் படகில் ஏற்றித்தான் கொண்டு சென்றிருக்க வேண்டும்.

உழவு தோன்றிய காலத்தில் தானியம் சேர்ந்தது. தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. அதன் கூர்நகம் நம் முன்னோரின் உணவைக் காத்தது. நகத்தை உடைய விலங்கு என்பதனால்தான் அது மனிதனின் வாசலுக்கு வரவேற்கப்பட்டது. இந்தச் செய்தியை நினைவில் இருத்திக்கொண்டு மேலே தொடர்வோம்.

மணல் கொண்டுவந்த மாற்றம்

பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூனை வீட்டுக்கும் வெளிக்குமாக வாழ்ந்து வந்தது. கீறுவதற்கு மரப்பட்டையும் வேலிக்கம்பும் இருந்தன. மலசலம் கழிக்கத் தோட்டத்து மண் இருந்தது. வீட்டுக்குள் வைத்தவர்கள் மணலையோ சாம்பலையோ மரத்தூளையோ ஒரு தட்டில் பரப்பி வைத்தனர். அதன் நாற்றத்தையும் அழுக்கையும் தாங்குவது எளிதாக இருக்கவில்லை.

1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர் இதனை மாற்றினார். தொழிற்சாலைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சப் பயன்படும் களிமண் குருணையை அவருடைய குடும்பத்தார் விற்று வந்தனர். பூனைத் தட்டுக்கு மணல் கேட்டு வந்த அண்டைவீட்டுப் பெண்மணிக்கு, அவர் அக்குருணையைக் கொடுத்துப் பார்த்தார். அது ஈரத்தையும் நாற்றத்தையும் நன்கு உறிஞ்சியது. அதனையே பைகளில் அடைத்து, 'கிட்டி லிட்டர்' என்னும் பெயரிட்டு விற்கத் தொடங்கினார்.

சிறிய கண்டுபிடிப்புதான். ஆனால், பூனையை ஆண்டு முழுவதும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாம் என்னும் நிலையை உருவாக்கியது அதுவே. பூனை உள்ளே வந்தது. அதனோடு அதன் நகமும் உள்ளே வந்தது. மரப்பட்டை இருந்த இடத்தில் இப்பொழுது திரைச்சீலையும் மெத்தை நாற்காலியும் இருந்தன. எலியைப் பிடித்தபோது புகழப்பட்ட நகம், துணியைக் கிழித்தபோது குற்றவாளி ஆயிற்று.

ஒரு சொல் மறைத்த உண்மை

1952ஆம் ஆண்டில், அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் சிகாகோ நகரத்து மருத்துவர் ஒருவரின் கடிதம் வெளிவந்தது. பூனையின் நகங்களை அறுவை மூலம் நீக்கும் முறையை அது விளக்கியது. அம்முறையைப் பற்றி அச்சில் வந்த மிகத் தொடக்கக்காலக் குறிப்பாக இதனைச் சுட்டுவர். அடுத்து வந்த பத்தாண்டுகளில் அது வட அமெரிக்காவில் சாதாரண நடைமுறையாகப் பரவிவிட்டது. குட்டியைக் கருத்தடைக்குக் கொண்டு செல்லும்போதே நகத்தையும் எடுத்துவிடும் வழக்கம் உண்டாயிற்று.

மொழியாசிரியன் என்னும் முறையில் ஓரிடத்தில் நிற்க வேண்டியவனாக இருக்கின்றேன். இச்செயலை ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைத் தமிழாக்கினால் 'நகம் நீக்குதல்' என்று வரும். கேட்பவர் நகம் வெட்டுவது போன்றதொரு செயல் என்றே கருதுவர். பூனையின் நகம் எலும்பிலிருந்து வளர்வது என்று மேலே கூறினேன். எனவே, நகம் மீண்டும் முளைக்காதிருக்க வேண்டுமானால் அந்தக் கடைசி எலும்பையே வெட்டி எடுக்க வேண்டும். மனிதனுக்கு ஒப்பிட்டுச் சொன்னால், பத்து விரல்களையும் நுனிக் கணுவோடு துண்டிப்பதற்கு ஒப்பாகும். 'விரல்நுனி துண்டித்தல்' என்பதே இதற்குப் பொருந்தும் தமிழ்ப் பெயர். அப்பெயரே முதலிலிருந்து வழங்கியிருக்குமானால், எத்தனை பேர் தம் பூனைக்கு அதனைச் செய்யச் சொல்லியிருப்பர்? மென்மையான சொல் கொடுஞ்செயலை மறைக்கும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இதன் விளைவுகள் பூனையின் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். 2018ஆம் ஆண்டில் பூனை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு 274 பூனைகளை ஆராய்ந்தது. அவற்றுள் 137 பூனைகள் நகம் எடுக்கப்பட்டவை. மற்ற 137 எடுக்கப்படாதவை. நகம் எடுக்கப்பட்ட பூனைகளிடம் முதுகுவலியும், மணல் தட்டுக்கு வெளியே மலசலம் கழிப்பதும், கடிப்பதும் மிகுதியாகக் காணப்பட்டன. அவற்றுள் 63 விழுக்காட்டுப் பூனைகளின் விரல்களில் வெட்டுண்ட எலும்பின் துணுக்குகள் எஞ்சியிருந்தன. வலிக்கும் காலால் மணலைத் தோண்ட அஞ்சும் பூனை, மெத்தென்ற விரிப்பை நாடுவது இயல்பே. நகமிழந்தது பல்லை நாடுவதும் இயல்பே. நாற்காலியைக் காப்பாற்றச் செய்த செயல் விரிப்பையும் கையையும் கெடுத்தது.

உறையின் பிறப்பு

இந்நிலையில்தான், 1990ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், டாபி வெக்ஸ்லர் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் உருவாக்கிய மென் நக உறை 'சாஃப்ட் பாஸ்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. நகத்தை அழிக்காமல் அதன் கூர்மையை மட்டும் மூடி வைப்பது அதன் நோக்கம்.

அது செயற்படும் முறை மிக எளியது. உறை, நகத்தின் வளைவுக்கேற்ப வடிக்கப்பட்ட உட்குழிவான நெகிழிக் கூடு. முதலில் பூனையின் நகநுனியை அளவாக வெட்டுவர். நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் குருதியோட்டமுள்ள பகுதியில் வெட்டு படக்கூடாது. பின்னர், உறைக்குள் சிறிது பசையிட்டு, பாதத்தை மெல்ல அழுத்தி, நீளும் நகத்தின்மேல் செருகுவர். பசை காயும்வரை சில நிமிடம் பூனையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பூனையின் நகம் மேலோட்டை உதிர்த்து வளர்வது ஆதலால், நான்கு முதல் ஆறு வாரங்களில் உறையும் ஓட்டோடு சேர்ந்து தானாகவே கழன்றுவிடும். அதன்பின் புதியதை மாட்ட வேண்டும்.

இயற்கையாகக் கழலும் ஓட்டையே கருவியாக்கிக்கொண்ட இந்தச் சிந்தனை பாராட்டத்தக்கது. பூனை வழக்கம்போலக் கீறும் அசைவைச் செய்யலாம். துணி மட்டும் கிழியாது. முதுமையால் தோல் மெலிந்தவர்களும், குருதி உறையாமைக்கு மருந்துண்போரும் உள்ள வீடுகளில் இவ்வுறை ஒரு பாதுகாப்பு. தோல் நோயால் தன் முகத்தையே புண்ணாக்கிக்கொள்ளும் பூனைக்கும் இது துணை நிற்கும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. அளவு பெரிதாக இருந்தால் நகம் முழுமையாக உள்ளிழுக்கப்படாது. பசை மிகுந்தால் தோலில் ஒட்டித் துன்புறுத்தும். கழலாத உறையைக் கவனியாமல் விட்டால், நகம் வளைந்து வளர்ந்து விரல்சதையைக் குத்தலாம். சில பூனைகள் அதனைக் கடித்துப் பிடுங்கியபடியே இருக்கும். அவற்றை வற்புறுத்தக் கூடாது. வெளியே திரியும் பூனைக்கு உறை மாட்டுவது தவறு. மரமேறித் தப்பவும் தன்னைக் காத்துக்கொள்ளவும் அதற்கு நகம் வேண்டும். உறை மாட்டிய பூனைக்கும் கீறுவதற்கெனக் கயிறு சுற்றிய கம்பம் வேண்டும். ஏனெனில் உறை நகத்தை மூடுமேயன்றிக் கீறும் இயல்பை மூடாது.

சட்டம் நடந்த தொலைவு

உறை வந்தவுடன் கத்தி ஓய்ந்ததா என்றால், இல்லை என்பதே வரலாறு தரும் விடை.

ஐரோப்பியர் உறைக்காகக் காத்திருக்கவில்லை. 1987ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட செல்லப்பிராணிகள் பாதுகாப்புக்கான ஐரோப்பிய உடன்படிக்கை, மருத்துவக் காரணமின்றி நகத்தையும் பல்லையும் நீக்குவதைத் தடுத்தது. பிரிட்டன் 2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டத்தால் தடுத்தது. இஸ்ரேல் 2011இல் தடைச் சட்டம் இயற்றியது.

அமெரிக்காவிலோ கதை வேறு. அங்கே இப்போராட்டத்தின் ஒரு தொடக்கம், வியப்பூட்டும் வகையில், சிங்கம் புலிகளிடமிருந்து கிளம்பியது. திரைப்படங்களிலும் காட்சிகளிலும் பயன்பட்ட பெரும்பூனைகளுக்கும் நகம் நீக்கப்பட்டு வந்தது. நடக்கவியலாமல் துன்புற்ற அவ்விலங்குகளின் பாதங்களைச் சீர்செய்து வந்த கால்நடை மருத்துவர் ஜெனிஃபர் கான்ராட், 2000ஆம் ஆண்டில் 'பா புராஜெக்ட்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பின் முயற்சியும் துணைநிற்க, கலிபோர்னியாவின் வெஸ்ட் ஹாலிவுட் நகரம் 2003ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலேயே முதன்முறையாக இச்செயலுக்குத் தடை விதித்தது.

அம்மாநிலக் கால்நடை மருத்துவர் சங்கம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் தடையை நிலைநிறுத்தியது. 2009இல், மருத்துவர்களின் தொழிலில் நகரங்கள் தலையிடலாகாது என மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அது 2010ஆம் ஆண்டுப் பிறப்பில்தான் நடப்புக்கு வரவிருந்தது. அந்த இடைவெளிக்குள் லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ உள்ளிட்ட ஏழு நகரங்கள் விரைந்து தடை விதித்துக்கொண்டன. இதற்கிடையில் 2006இல், உரிமம் பெற்ற காட்சியாளர்கள் சிங்கம் புலிகளின் நகத்தை நீக்கக் கூடாது என அமெரிக்க வேளாண்துறை அறிவித்திருந்தது. புலிக்குக் கிடைத்த நீதி பூனைக்குக் கிடைக்க மேலும் காலம் பிடித்தது. மாநில அளவில் முதல் தடை 2019ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தது. 2022இல் மேரிலாந்தும், 2024இல் வர்ஜீனியாவும், 2025இல் மாசசூசெட்சும் தொடர்ந்தன.

அடுக்குமாடியில் வாழும் நம்மைத் தொடும் செய்தியும் ஒன்றுண்டு. வாடகைக்குக் குடிவருவோரிடம், பூனையின் நகத்தை நீக்கினால்தான் வீடு தருவோம் என்று கூறிய வீட்டுக்காரர்கள் கலிபோர்னியாவில் இருந்தனர். 2012இல் இயற்றப்பட்ட சட்டம் அந்நிபந்தனையைத் தடுத்தது. தம் சுவருக்கும் தரைக்கும் ஈடாக ஓர் உயிரின் விரல்களைக் கேட்டவர்களுக்குச் சட்டம் விடை சொல்ல வேண்டியதாயிற்று.

இனி நம் நிலை

சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் வாழ்வது வீவக வீடுகளில். அங்கே பூனை வளர்ப்பது நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. பூனையை வீட்டுக்குள் அடக்கி வைப்பது கடினம் என்பதும், அது வெளியே சுற்றினால் முடி உதிர்தல், அசுத்தம், இரைச்சல் ஆகியவை அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகும் என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அந்நிலை மாறியது. நுண்சில்லு பொருத்தி, உரிமம் பெற்று, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாயிற்று. ஏற்கெனவே வளர்த்து வந்தோர் பதிந்துகொள்ள 2026 ஆகஸ்டு 31 வரை மாறுகாலமும் வகுக்கப்பட்டது.

மகிழ்ச்சிக்குரிய மாற்றம் இது. ஆயினும், 1947க்குப் பின் அமெரிக்க வீடுகளில் நிகழ்ந்ததே சிறிய அளவில் இங்கும் நிகழவிருக்கின்றது என்பதை எண்ண வேண்டும். முன்பு கீழ்த்தளத்திலும் புல்வெளியிலும் திரிந்த பூனை, இனிப் பத்தாம் மாடியில் கம்பிவலையிட்ட சன்னலுக்குப் பின்னால் முழுநேரமும் வாழும். அதன் நகத்துக்கு எட்டுவது நம் சோபா ஒன்றே. தவணை முறையில் வாங்கிய புதிய சோபாவில் முதல் கீறல் விழும் நாளில், அவ்வீட்டார் என்ன முடிவெடுப்பர் என்பதில்தான் அப்பூனையின் வாழ்வு அடங்கியிருக்கின்றது. சிலர் அதைத் திரும்ப வெளியே விட்டுவிட எண்ணலாம். சிலர் நிரந்தரத் தீர்வு ஏதும் உண்டா என்று தேடலாம்.

அந்நாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை சிலவே. பூனை தன் முழு உடலும் நீளும்படி கீறுவதற்கு, ஆடாத, உயரமான கம்பம் ஒன்று வேண்டும். அதனை மூலையில் ஒளிக்காமல், பூனை விரும்பிக் கீறும் சோபாவின் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகநுனியை வெட்டிவிட வேண்டும். இவையும் போதாதபோது, அல்லது புதிய பழக்கம் படியும்வரை இடைக்காலத் துணையாக, நக உறையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்து பயன்படுத்தலாம்.

வரலாறு கேட்கும் கேள்வி

கத்தி, உறை, கம்பம் ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மூன்றுமே ஒரே கேள்விக்கான மூன்று விடைகள். மனிதனும் விலங்கும் ஒரே கூரையின்கீழ் வாழும்போது எழும் தொல்லையை யார் சுமப்பது என்பதே அக்கேள்வி.

கத்தியில், மனிதன் ஒருமுறை பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றான். பூனை வாழ்நாள் முழுதும் சுமக்கின்றது. உறையில், ஆறு வாரத்துக்கு ஒருமுறை மனிதன் தரையில் அமர்ந்து, பாதத்தைப் பிடித்து, பொறுமையோடு உழைக்க வேண்டியிருக்கின்றது. பூனையும் சிறிது பொறுத்துக்கொள்கின்றது. கம்பத்தில், பூனை பூனையாகவே இருக்கின்றது. மனிதன் தன் வீட்டில் ஓரடி இடத்தை விட்டுக் கொடுக்கின்றான். கத்தி நீண்ட காலம் கோலோச்சியதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. உழைப்பை விரும்பாத உள்ளத்துக்கு அது எளிதாக இருந்தது. உறை விற்பனைக்கு வந்ததற்கும் நியூயார்க்குத் தடைக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்தன. நல்ல மாற்று கையில் இருந்தும் பழைய வழக்கம் தானாக விலகவில்லை; யாரோ சிலர் பூனைக்காக மன்றங்களில் நின்று பேச வேண்டியிருந்தது.

ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் படகேற்றி அழைத்துச் சென்ற விலங்கை, இன்று மின்தூக்கியில் ஏற்றி மாடிவீட்டுக்கு அழைத்துச் செல்கின்றோம். அழைத்தது நாம். வந்த விருந்தின் நகத்தைக் குறை கூறும் முன், அது கீறுவதற்கு ஓரிடத்தை நம் வீட்டில் ஒதுக்கி வைப்போமாக.